சின்ன கேம் ஸ்டுடியோ: லினக்ஸ், மேக் பக்கமும் போகலாமா, விண்டோஸோட நிறுத்திக்கலாமா?

#1 கோட்டைக்கொத்தன்

வணக்கம் மக்களே. நாங்க ரெண்டே பேர். நான் கோடு, நண்பன் படம். யூனிட்டிங்கிற கேம் எஞ்சின்ல ஒரு 2டி புதிர் விளையாட்டு, முடியிற கட்டத்துக்கு வந்தாச்சு. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் விளையாட்டுக் கடையில 100 டாலர் கட்டி கடைப்பக்கமும் திறந்தாச்சு. இப்ப எங்களுக்குள்ள சண்டை என்னன்னா, விண்டோஸ் மட்டும் போடறதா, இல்ல மேக், லினக்ஸ் ரெண்டையும் சேர்த்துப் போடறதா.

நண்பன் கட்சி: "பில்ட் செட்டிங்ஸ்ல தளத்தை மாத்தி ஒரு க்ளிக் அடிச்சா வந்துடுது. வர்ற காசை ஏன் விடணும்?" அந்த ஒரு க்ளிக் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. மேக் எங்ககிட்ட கிடையாது. லினக்ஸ் என் பழைய லேப்டாப்ல இருக்கு, ஆனா அதுல கேம் ஆடறவன் இல்ல நான். வெளியிட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க.

#2 செமிகோலன்செல்வி

நீங்க சந்தேகப்படறது சரிதான். அந்த க்ளிக்ல பில்ட் (அந்தத் தளத்துல ஓடற கோப்பு) வரும், சப்போர்ட் வராது.

வேலையில நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு ஒண்ணு சொல்றேன். ஸ்ட்ரீமிங் அசெட்ஸ் கோப்புறையில லெவல் கோப்புகளை வச்சு, அதை நேரா டிஸ்க்ல இருந்து படிக்கிற மாதிரி எழுதியிருப்பாங்க. கோப்போட பேர்ல முதல் எழுத்து பெரிய எழுத்து, கோடுல சின்ன எழுத்து. விண்டோஸ் இதைக் கண்டுக்கவே கண்டுக்காது. மேக்கும் வழக்கமான அமைப்புல கண்டுக்காது. லினக்ஸ்ல அது ரெண்டும் வேற வேற கோப்பு. மெனு வரும், பாட்டு கேக்கும், "ஆடு" பட்டனை அழுத்தினா கறுப்புத் திரை. யூனிட்டி தானே பொட்டலம் கட்டற அசெட்ல இது வராதுங்கறதால, சோதிக்காம விட்டா கடைசி வரைக்கும் தெரியாது. பாதையில பின்சாய்வுக் கோட்டைக் கையால எழுதியிருந்தாலும் இதே கதிதான்.

என் யோசனை: கடைப்பக்கத்துல லினக்ஸ் பெட்டியில டிக் போடாதீங்க. விண்டோஸ் பில்டையே புரோட்டான்ல (விண்டோஸ் விளையாட்டை லினக்ஸ்ல ஓட வைக்கிற, ஸ்டீமோட வர்ற அடுக்கு) ஓட வச்சு சோதிங்க. யூனிட்டியோட டைரக்ட்3டி 11 (விண்டோஸோட கிராஃபிக்ஸ் முறை) அழைப்பை, புரோட்டானுக்குள்ள இருக்கிற டிஎக்ஸ்விகே அப்படியே லினக்ஸ்ல ஓடற வல்கன் முறைக்கு மாத்திக் கொடுத்துடும். 2டி விளையாட்டுக்கு வேகம் குறையுதான்னு கவலைப்படவே வேண்டாம்.

முக்கியமா ஒண்ணு. நேட்டிவ் லினக்ஸ் பில்ட், அதாவது லினக்ஸுக்குன்னே எடுத்தது, ஏத்தினீங்கன்னா, லினக்ஸ்காரங்களுக்கு ஸ்டீம் அதைத்தான் முதல்ல இறக்கும். அது சொதப்பலா இருந்தா, நல்லா ஓடற விண்டோஸ் பில்டை நீங்களே மறைச்சு வச்ச மாதிரி ஆயிடும். அமைப்புல போய் புரோட்டானைத் தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சவன் தப்பிப்பான். தெரியாதவன் ரெண்டு மணி நேரம் ஆகறதுக்குள்ள காசைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவான்.

#3 பெங்குயின்பாசறை

> லினக்ஸ் பெட்டியில டிக் போடாதீங்க

செல்வி அக்கா, மறுபடியும் அதே பாட்டா :)

எதிர்க்கணக்கு ஒண்ணு கொடுக்கிறேன். டெல்டா வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்னு ஒரு விண்வெளி விளையாட்டு, கோடோங்கிற எஞ்சின்ல செஞ்சது. 2021ல அதை உருவாக்கினவர் தன் கணக்கைப் பொதுவுல போட்டார். 12,000 பிரதிக்கு மேல வித்திருந்தது, அதுல லினக்ஸ்ல சுமார் 700, அதாவது 5.8 சதவீதம். ஆனா வந்த பிழை அறிக்கைகள்ல 38 சதவீதம் லினக்ஸ்காரங்ககிட்ட இருந்து.

இதோட நிறுத்தினா "பார்த்தியா, லினக்ஸ்னாலே தலைவலி"ன்னுதான் தோணும். மிச்சத்தையும் கேளுங்க. லினக்ஸ்காரங்க அனுப்பின சுமார் 400 அறிக்கையில, லினக்ஸ்ல மட்டும் வர்ற கோளாறு வெறும் மூணு. மிச்சமெல்லாம் விண்டோஸ்காரனுக்கும் இருந்த பிழை. அவன் சொல்லாம விளையாட்டை மூடி வச்சுட்டுப் போயிட்டான். லினக்ஸ்காரன் லாக் கோப்பை இணைச்சு, எப்படி மறுபடி வரவழைக்கிறதுன்னு படிப்படியா எழுதி அனுப்பினான். ரெண்டு பேர் இருக்கிற குழுவுக்குச் சம்பளமில்லாத சோதனையாளர் கிடைச்ச மாதிரிதானே?

காசு கொடுக்கிற மனசும் உண்டு. 2010ல சின்ன ஸ்டுடியோ விளையாட்டுகளைக் கட்டா வித்த முதல் ஹம்பிள் இண்டி பண்டில் வந்தப்ப, விருப்பப்பட்ட விலையைக் கொடுக்கலாம்னு விட்டாங்க. லினக்ஸ்காரங்க கொடுத்த சராசரி, விண்டோஸ்காரங்க கொடுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

#4 கடலைமிட்டாய்

லினக்ஸ்காரன் பிழை அறிக்கை அனுப்புவான், சரி. அதோட "உங்க கோடைத் திறந்து விடுங்க, நானே சரி பண்ணிக்கிறேன்"னு ஒரு பின்குறிப்பும் அனுப்புவானே, அதை ஏன் சொல்லல?

#5 மாலதி_சோதனை

பாசறை சொன்ன கணக்கு உண்மை. ஆனா நேர் எதிரான கணக்கும் இருக்கு, அதையும் வைக்கணும். ப்ளானட்டரி அனிஹிலேஷன் விளையாட்டுல வேலை பார்த்த ஒருத்தர் பிற்பாடு ட்விட்டர்ல எழுதினது: விற்பனையில லினக்ஸ் 0.1 சதவீதத்துக்கும் கீழ. ஆனா தானா பதிவான முறிவுகள், உதவி கேட்டு வந்த கடிதங்கள் எல்லாம் சேர்த்து 20 சதவீதத்துக்கு மேல லினக்ஸ். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் கோளாறு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அது 2014ல வெளியான, சொந்த எஞ்சின்ல செஞ்ச கனமான 3டி விளையாட்டு. அன்னைக்கு லினக்ஸ் டிரைவர்கள் இருந்த நிலைமை வேற. டெல்டா வி 2டி, கோடோ. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. கொத்தனோட விளையாட்டு ரெண்டாவது வகைக்கு நெருக்கம்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. நான் உதவிக் கடிதங்களைப் படிக்கிற ஆள். பதினஞ்சு பேர் இருக்கிற இடத்துல நல்ல பிழை அறிக்கைன்னா வரம். ரெண்டு பேர் இருக்கிற இடத்துல, வெளியீட்டு வாரத்துல, அதை யார் உக்காந்து படிப்பாங்க? அந்த அறிக்கையை அனுப்பினவர் பதிலை எதிர்பார்ப்பார். கடைப்பக்கத்துல லினக்ஸ்னு போட்டிருக்கீங்க, எதிர்பார்க்க அவருக்கு உரிமை இருக்கு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சுட்டுப் பந்தியில இலை போடலைன்னா, பத்திரிகையே வைக்காததைவிட மோசம்.

#6 பழையபிசி

தம்பிகளா, இந்தச் சண்டை உங்க வயசைவிடப் பழசு. லோக்கி சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி 1998ல ஆரம்பிச்சாங்க. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாத்தி விக்கிறது மட்டும்தான் தொழில். 2002 ஜனவரியில மூடிட்டாங்க. ஆனா அங்க இருந்த சாம் லாண்டிங்கா எழுதின எஸ்டிஎல்ங்கிற நிரல் நூலகம் பிழைச்சுது. இன்னைக்கு விசைப்பலகை, ஒலி, ஜன்னல், கன்ட்ரோலர்னு எத்தனையோ விளையாட்டுக்கு அடியில அதுதான் ஓடுது.

அப்புறம் ஸ்டீமை நடத்துற வால்வ் வந்தது. 2013ல லினக்ஸுக்கு ஸ்டீம். 2015ல ஸ்டீம் மெஷின்ங்கிற லினக்ஸ் விளையாட்டுப் பெட்டி. "பெட்டியை வித்துட்டா ஸ்டுடியோக்காரங்க தானா லினக்ஸுக்கு மாத்திக் கொடுப்பாங்க"ன்னு நினைச்சாங்க. யாரும் அசையல, பெட்டியும் போணியாகல. அந்த அடியில இருந்து பொறந்ததுதான் 2018 ஆகஸ்ட்ல வந்த புரோட்டான். ஸ்டுடியோக்காரன் தலையில பாரத்தை ஏத்தாம, மாத்தற வேலையை வால்வே எடுத்துக்கிச்சு. 2022ல ஸ்டீம் டெக்ங்கிற கையடக்க விளையாட்டுக் கணினி விற்பனைக்கு வந்து நின்னதுக்குக் காரணம் அதுதான், லினக்ஸ்ல பாசம் பொங்கி எவனும் வாங்கல.

அதனால பாசறை தம்பி, 2010 பண்டிலை இன்னும் தூக்கிட்டு வராதே. அன்னைக்கு லினக்ஸ்ல ஆட விளையாட்டே அரிது. பட்டினி கிடந்தவங்க அள்ளிக் கொடுத்தாங்க. இன்னைக்கு ஸ்டீம்ல இருக்கிறதுல பெரும்பகுதி அவங்களுக்கு ஓடுது.

(நம்ம ஊர்ல அரசு கொடுத்த இலவச லேப்டாப்ல பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கா? பாதிப் பேர் அதைத் திறந்ததே இல்ல.)

#7 பெங்குயின்பாசறை

அண்ணே, திறந்த மிச்சப் பாதியில ஒருத்தன் நான் :)

#8 ஆப்பிள்தோட்டம்

எல்லாரும் லினக்ஸையே சுத்திச் சுத்தி வர்றீங்க. நான் மேக்காரன். அதனால கொத்தனுக்கு நேரா சொல்றேன்: கையில மேக் இல்லாம மேக் பில்ட் விக்காதீங்க.

ஸ்டீம் மாதாமாதம் எடுக்கிற வன்பொருள் கணக்கெடுப்புல 2023ல லினக்ஸ் மேக்கைத் தாண்டிப் போயிடுச்சு. 2025 அக்டோபர்ல லினக்ஸ் 3 சதவீதத்தையும் தொட்டது. நாங்க அதுக்குக் கீழதான். ஆனா எங்களுக்காக நீங்க செய்ய வேண்டிய வேலை அவங்களுக்குச் செய்யறதைவிட அதிகம்.

ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருஷத்துக்கு 99 டாலர். கையொப்பம் போடணும், நோட்டரைஸ் பண்ணணும் (ஆப்பிளுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கறது). ஸ்டீம் வழியா இறங்கினா ஓரளவு தப்பிக்கலாம். இட்ச் மாதிரி இடத்துல பிரவுசர் வழியா இறக்கினா, மேக்கோட காவல்காரன் கேட்கீப்பர் குறுக்க வந்து "கோப்பு சேதமடைந்துள்ளது, குப்பைக்கு அனுப்பு"ங்கிற தொனியில ஒரு பெட்டியைக் காட்டும். கோப்புல ஒரு சேதமும் இருக்காது. முன்னெல்லாம் கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் பண்ணித் திறந்துக்கலாம். 2024ல வந்த மேக்ஓஎஸ் சிகோயாவுல அந்த வழியையும் அடைச்சுட்டாங்க. இப்ப செட்டிங்ஸ் உள்ள போய் தனியுரிமைப் பக்கத்துல அனுமதி கொடுக்கணும். காசு கொடுத்து வாங்கினவன் இதையெல்லாம் ஏன் செய்யணும்?

இன்னொரு வேடிக்கை. விண்டோஸ்ல உக்காந்து மேக் பில்ட் எடுத்து ஜிப் பண்ணீங்கன்னா, இயக்கு அனுமதி காணாமப் போயிடும். இங்க இறக்கினவன் ஐகானைத் தட்டித் தட்டிப் பார்ப்பான், ஒண்ணும் நடக்காது. டெர்மினல்ல ஒரு வரி அடிச்சா சரியாகும். உங்க புதிர் விளையாட்டை வாங்கின அத்தைக்கு டெர்மினல் எங்க இருக்குன்னு தெரியுமா?

இதையெல்லாம் செஞ்சு முடிச்சாலும் ஆப்பிள் சும்மா இருக்காது. 2018ல ஓபன்ஜிஎல்ங்கிற கிராஃபிக்ஸ் முறையை ஓரங்கட்டினாங்க. 2019ல கேட்டலினா வந்து 32 பிட் விளையாட்டு அத்தனையையும் ஒரே ராத்திரியில காலி பண்ணுச்சு. 2020ல சிப்பே மாறிச்சு. பழைய இன்டெல் நிரல்களைத் தாங்கிப் பிடிக்கிற ரொசெட்டா முழுசா கிடைக்கிறது மேக்ஓஎஸ் 27 வரைக்கும்தான்னு 2025ல சொல்லியாச்சு. அதுக்கப்புறம் கைவிடப்பட்ட பழைய விளையாட்டுகளுக்குன்னு கொஞ்சம் மட்டும் விட்டு வைப்பாங்களாம். விண்டோஸ்ல ஒரு தடவை செஞ்சு வச்சா பத்து வருஷம் ஓடும். இங்க வச்சுட்டுப் போக முடியாது, கூடவே நிக்கணும்.

வால்வே கவுன்டர் ஸ்ட்ரைக் 2ஐ மேக்குக்குக் கொடுக்கல. அவங்களுக்கே கட்டுப்படி ஆகலைன்னா ரெண்டு பேருக்கு எப்படி ஆகும்? மேக்காரனா இதை எழுத எனக்கே வயிறு எரியுது, இருந்தாலும் உண்மை அதுதான்.

#9 கோட்டைக்கொத்தன்

நன்றி தோட்டம். மாச வாடகைக்கு மேக் கொடுக்கிற சேவைகள் இருக்கே, அதுல பில்ட் எடுத்தா போதாதா?

#10 ஆப்பிள்தோட்டம்

பில்ட் எடுக்கலாம், கையொப்பமும் போடலாம். தொலைவுல இருந்து ஆடிப் பார்க்க முடியாது. வழியில வர்ற தாமதம் உங்க விளையாட்டோடதா இணைப்போடதான்னு தெரியாது, கன்ட்ரோலரைச் சொருகவும் வழியில்ல. வித்துப் பாருங்க, மேக் கேட்டு நாலு பேர் விடாம எழுதினா, அந்த வரவுல பழைய எம்1 மேக் மினி ஒண்ணு வாங்குங்க.

#11 யாழ்_பிக்சல்

நான் டொராண்டோவில இருந்து எழுதிறன். பத்து வருசத்துக்கு மேல லினக்ஸ்தான் பாவிக்கிறன். ஆனாலும் இந்த விசயத்தில செல்வி அக்கா பக்கம்தான் நிக்கிறன்.

ரொக்கெட் லீக் நான் காசு குடுத்து வாங்கினது, லினக்ஸில விளையாடலாம் எண்டு போட்டிருந்தபடியால. 2020 மார்ச்சோட மேக், லினக்ஸ் ரெண்டையும் நிப்பாட்டிப் போட்டினம். டைரக்ட்எக்ஸ் 9இல இருந்து 11க்கு மாறினம், மற்ற ரெண்டு தளத்துக்கும் தனியா எழுதிறதெண்டால் பாவனையாளர் காணாது, ரெண்டும் சேர்ந்தே 0.3 சதவீதத்துக்குக் கீழ எண்டு சொல்லிச்சினம். காசைத் திருப்பித் தாறம் எண்டும் சொன்னவை. கணக்குச் சரிதான். எனக்குக் கோவம் வந்தது கணக்கில இல்லை, முதல் தாறம் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு பறிச்சதில.

தொடக்கத்திலேயே "விண்டோஸ் மட்டும், புரோட்டானில ஓடுது எண்டு பாத்திருக்கிறம்" எண்டு எழுதி வைக்கிற சின்ன ஸ்டுடியோவை நான் நம்புவன், வாங்குவன். அந்த ஒரு வரியே எனக்குக் காணும்.

#12 செமிகோலன்செல்வி

நான் சுத்தி வளைச்சுச் சொன்னதை யாழ் ஒரே பத்தியில முடிச்சுட்டார்.

#13 பெங்குயின்பாசறை

சரி, நான் மட்டும் தனியா நிக்கிறேன் போல. ரெண்டு விஷயம் சொல்லிட்டு விடறேன்.

ஒண்ணு, நேட்டிவ்ல மட்டும் கிடைக்கிற நன்மை உண்டு. ஃபேக்டோரியோவை எடுத்துக்கோங்க. பெரிய தொழிற்சாலை கட்டினவங்களுக்குத் தெரியும், தானியங்கிச் சேமிப்பு வந்தா விளையாட்டு சில நொடி உறைஞ்சு நிக்கும். லினக்ஸ்லயும் மேக்லயும் ஃபோர்க் அழைப்பு இருக்கிறதால, விளையாட்டோட நகலை ஒரு தனிச் செயல்முறையாப் பிரிச்சு விட்டு, அது பின்னணியில சேமிக்கும். நீங்க பாட்டுக்கு ஆடிட்டே இருக்கலாம். விண்டோஸ்ல அந்த வசதி இல்ல. அந்த ஸ்டுடியோவுல லினக்ஸை தினம் பாவிக்கிற ஆளே வேலை பார்க்கிறார்.

ரெண்டு, எல்லாரும் புரோட்டானையே நம்பினா, ஒரே கம்பெனி கையில குடுமியைக் கொடுத்த மாதிரி. நாளைக்கு வால்வ் மனசு மாறினா?

#14 செமிகோலன்செல்வி

> அந்த ஸ்டுடியோவுல லினக்ஸை தினம் பாவிக்கிற ஆளே வேலை பார்க்கிறார்

உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. என் அளவுகோல் அதுதான். குழுவுல ஒருத்தராவது அந்தத் தளத்துல தினமும் உக்காந்து வேலை செய்யறாரா? ஆமான்னா நேட்டிவ் தாராளமா கொடுங்க, ஏன்னா கோளாறு வந்தா வாடிக்கையாளருக்கு முன்னாடி அவருக்கே வந்துடும். இல்லைன்னா வேண்டாம். விற்பனை சதவீதம், பிழை சதவீதம் எல்லாம் அதுக்கப்புறம்தான். கொத்தன் தன் லினக்ஸ் லேப்டாப்ல ஆடறதில்லைன்னு முதல் பதிவுலயே சொல்லிட்டார்.

ரெண்டாவது கேள்வி நியாயமானது. ஆனா புரோட்டானுக்கு அடியில இருக்கிற வைன் 1993ல ஆரம்பிச்சது, வால்வோட சொத்து இல்ல, கோடு திறந்தே கிடக்கு. கோக் (GOG) கடையில வாங்கினவங்க அதே வைனை ஹீரோயிக்ங்கிற நிரல் வழியா ஓட்டிக்கிறாங்க. சொல்லப்போனா பழைய நேட்டிவ் லினக்ஸ் பில்டுகள்தான் சீக்கிரம் சாகுது. புது வெளியீட்டுல ஒரு நூலகம் மாறும், அஞ்சு வருஷம் முன்னாடி செஞ்ச பில்ட் திறக்காது. அதே விளையாட்டோட விண்டோஸ் பில்ட் வைன்ல சமர்த்தா ஓடும். ஸ்டீம் தன் ரன்டைமை (தேவையான நூலகங்களோட தொகுப்பு) கூடவே கொடுத்து இதைச் சமாளிக்குது, ஸ்டீமுக்கு வெளிய அதுவும் கிடையாது.

#15 பெங்குயின்பாசறை

நூலக விஷயத்துல வாதாட முடியாது. குடுமி விஷயத்துல இன்னும் ஒத்துக்க மாட்டேன்.

#16 பழையபிசி

யாரும் கேக்காத ஒண்ணு. அரிய தளம்னா வேற இயங்குதளம்னு மட்டும் ஏன் எடுத்துக்கறீங்க? 4 ஜிபி ரேம், இன்டெல்லோட உள்கட்டு கிராஃபிக்ஸ், 1366க்கு 768 திரை வச்ச லேப்டாப் நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு கிடக்கு. அதுவும் விண்டோஸ்தான், ஆனா எந்த ஸ்டுடியோவும் அதுல சோதிக்கிறதில்ல. 2டி புதிர் விளையாட்டு அதுல மூச்சுத் திணறினா, மேக், லினக்ஸ் ரெண்டுலயும் சேர்த்து இழக்கிறதைவிட அதிகம் இழப்பீங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன். முதல்ல அதுல ஓட விடு தம்பி.

#17 மாலதி_சோதனை

அண்ணன் சொன்னதுக்கு நூறு தடவை ஆமாம். பாதி மெனு திரைக்கு வெளிய போய் நிக்கிறதை 1366 திரையில பார்க்காத சோதனையாளரே கிடையாது.

#18 கோட்டைக்கொத்தன்

நண்பனுக்கு இந்த இழையை அனுப்பினேன். மேக் வேண்டாம்னு ஒத்துக்கிட்டான். லினக்ஸ்ல விண்டோஸ் பில்ட் மட்டும், புரோட்டான்ல நான் சோதிக்கிறதுன்னு முடிவு. நேத்து ராத்திரியே போட்டுப் பார்த்தேன். விளையாட்டு ஓடுது. ஆனா ஆரம்பத்துல வர்ற சின்ன வீடியோவுக்குப் பதிலா டிவியில வர்ற மாதிரி வண்ணப் பட்டைகள் தெரியுது. என்ன செய்யணும்?

#19 செமிகோலன்செல்வி

வீடியோ எம்பி4ல இருக்கும். அதோட கோடெக்குக்கு உரிமக் கட்டுப்பாடு இருக்கிறதால புரோட்டான் அதைக் கூடவே கொடுக்க முடியாது, அதுக்குப் பதிலாத்தான் அந்தப் பட்டைகள். வெப்எம்ல விபி8ஆ மாத்திப் போடுங்க, யூனிட்டி தானே படிச்சுக்கும். சேமிப்புக் கோப்பையும் பாருங்க. புரோட்டான்ல அது ஸ்டீமோட காம்ப்டேட்டா கோப்புறைக்குள்ள போலி சி டிரைவ்ல உக்காந்திருக்கும். கிளவுட் சேமிப்பை விண்டோஸ் பாதைக்கு ஒழுங்கா அமைச்சிருந்தா டெக்ல விட்ட இடத்துல இருந்து கணினியில தொடரலாம். ரெண்டு பக்கமும் ஆடிப் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

#20 மாலதி_சோதனை

டெக்னு சொன்னதும் ஞாபகம் வந்தது. சரிபார்க்கப்பட்டதுங்கிற பச்சை முத்திரை வேணும்னா வால்வ் சில விஷயங்களைப் பார்க்கும். கன்ட்ரோலர்லயே எல்லாம் நடக்கணும், பேர் எழுதற இடம் வந்தா திரை விசைப்பலகை தானா வரணும், 1280க்கு 800 திரையில எழுத்து உயரம் 9 பிக்சலுக்குக் கீழ போகக் கூடாது. 12 இருந்தா நல்லதுங்கறாங்க.

கொத்தன், உங்க விளையாட்டுல தமிழும் உண்டா?

#21 கோட்டைக்கொத்தன்

உண்டு. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும்.

#22 மாலதி_சோதனை

அப்ப அந்த 9ஐ மறந்துடுங்க. இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் அது. 'ணூ', 'ஞை' எல்லாம் அந்த அளவுல வெறும் கறுப்புப் புள்ளி. ஏழங்குலத் திரையில 18க்குக் கீழ வைக்காதீங்க. பட்டன்ல இடம் போதாது, வாசகத்தைச் சுருக்க வேண்டி வரும், அதை இப்பவே செஞ்சுடுங்க.

#23 யாழ்_பிக்சல்

டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ (யூனிட்டியில எழுத்தைக் காட்டிற கருவி) எண்டால் இன்னொரு கரைச்சலும் இருக்கு. கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், 'கெ'யைப் பாத்தால் தெரியும். கோடோ 4, எழுத்தை ஒழுங்காக் கோக்கிற ஹார்ஃப்பஸ் நூலகத்தை வச்சிருக்கிறபடியால அதில இந்தப் பிரச்சினை இல்லை. யூனிட்டியில கனபேர் யூனிகோடைப் பாமினி எண்ட பழைய எழுத்துரு முறைக்கு மாத்தித்தான் காட்டினம்.

#24 கோட்டைக்கொத்தன்

நானும் அந்தப் பாமினி வழியிலதான் போயிருக்கேன். அந்த மாற்றுப் பட்டியலைத்தான் ஸ்ட்ரீமிங் அசெட்ஸ்ல தனிக் கோப்பா வச்சிருக்கேன், செல்வி சொன்ன பெரிய எழுத்து, சின்ன எழுத்தை அதுல இன்னைக்குப் போய்ப் பார்க்கிறேன். டெக் வச்சிருக்கிறவங்க யாராவது டெமோ ஆடிப் பார்க்கத் தயாரா? தனிச்செய்தி அனுப்புங்க, சாவி தர்றேன்.

#25 பெங்குயின்பாசறை

என்கிட்ட டெக் இருக்கு, அனுப்புங்க. பிழை அறிக்கை நீளமா வரும், இப்பவே சொல்லிட்டேன்.